சூரியனைச் சுற்றி ஒரு சாண்

சுண்ணாம்புக்குளம் ஜமுனா வானத்துக்கு வருகைப் பதிவு எடுப்பவள். தினமும் பகல் ஒன்றரை மணிக்கு ஊரின் புயல் பாதுகாப்புக் கட்டடத்து மொட்டை மாடியில் ஏறி நிற்பாள். எத்தனை அடுக்கு மேகம் இருக்கிறது, எது எந்தப் பக்கம் போகிறது, வெயில் எவ்வளவு ஊடுருவி வருகிறது என்று பார்த்துக் கைப்பேசியில் பதிந்து சென்னைக்கு அனுப்புவாள். அந்த நேரத்தில்தான் ஒரு செயற்கைக்கோள் அந்தப் பகுதியைக் கடக்கிறது. அது மேலிருந்து பார்த்ததும் அவள் கீழிருந்து பார்த்ததும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார்கள். மூன்று வருடத்தில் அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நாத்தனார் கல்யாணத்தன்று பந்தியைப் பாதியில் விட்டுவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடியேறிய கதையை ஊரில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவளுக்கு நாற்பது வயது. பத்தாவது வரை படித்தவள். அவள் குடும்பம் பழவேற்காடு ஏரியில் கையால் எறா, அதாவது இறால், பிடிக்கிற குடும்பம். வலையும் இல்லை, படகும் இல்லை. முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டு, பனையோலையில் பின்னிய பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே போக வேண்டும். விரலில் எறா துள்ளுகிற நொடியில் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். விடிந்ததும் இறங்கினால் பதினோரு மணிக்குள் கரையேறிவிடலாம். கல்யாணமான புதிதில் ஆறு வருடம் மீஞ்சூருக்குக் கிழக்கே உப்பளத்தில் வேலை பார்த்தாள். அப்புறம் கணவன் செங்கல்வராயனுக்குக் கும்மிடிப்பூண்டியில் வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. இருவரும் சுண்ணாம்புக்குளத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

மேக வேலை அவளுக்குக் கிடைத்தது ஒரு கேள்வியால். சென்னையிலிருந்து ரோஸ்மேரி என்ற ஆராய்ச்சியாளர் வந்திருந்தார். மேகங்களைப் பற்றி ஆராய்கிற பெண். தினமும் ஒன்றரை மணிக்கு ஊரில் இருக்கக்கூடிய, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார். நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். ரோஸ்மேரி மேலே கைகாட்டி, "இப்ப எத்தனை அடுக்கு மேகம் இருக்கு?" என்று கேட்டார். ஒருவர் ஒன்று என்றார், இன்னொருவர் இரண்டு என்றார்.

ஜமுனா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். "மூணு கீது மேடம். கீழ கீறது கடலப் பாத்துப் போவுது. நடுவுல ஒண்ணு நகராம நிக்குது. எல்லாத்துக்கும் மேல ஒரு மெல்லிசு கீது பாருங்க, அது மட்டும் கடல்லருந்து நம்ம பக்கம் வருது."

அது ஜூலை மாதம். அந்தப் பருவத்தில் தரையை ஒட்டிய காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசும். பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடும். அதைப் பாடமாகப் படிக்கத் தனக்கு இரண்டு வருடம் ஆயிற்று என்று ரோஸ்மேரி பிற்பாடு சொன்னார். அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றுதான்.

"தினமும் வர முடியுமா? இதுல லீவு கிடையாது."

"ஏரிக்கு மட்டும் லீவு கீதா இன்னா" என்றாள் ஜமுனா.

அப்படி ஆரம்பித்தது. கைப்பேசிச் செயலியில் ஆறு படம் எடுக்க வேண்டும். நாலு திசைக்கு நாலு, மேலே ஒன்று, கீழே தரையை ஒன்று. தரை ஈரமா காய்ந்ததா என்று பார்க்க அந்தக் கடைசிப் படம். பிறகு வரிசையாகக் கேள்விகள் வரும், கட்டங்களில் குறியிட வேண்டும். அதில் ஒரு கேள்வி, சூரியனைச் சுற்றி வட்டம் தெரிகிறதா என்பது. மிக உயரத்து மேகம் தண்ணீரால் ஆனதல்ல, பனித்துகளால் ஆனது. துகள்கள் சற்றுப் பெரிதாக, ஒழுங்கான ஆறுபட்டை வடிவில் இருந்தால்தான் வெயில் அவற்றின் வழியே வளைந்து வட்டம் காட்டும். பொடியாகவும் கோணல்மாணலாகவும் இருந்தால் வெறும் வெள்ளைப் பூச்சாக நிற்கும். முந்தின வருடம் ஜூலை முழுக்க ஒரே ஒரு நாள்தான் ஜமுனா அந்தக் கட்டத்தில் குறியிட்டிருந்தாள்.

இந்தக் கதை நடந்த வருடம் ஜூலை முதல் வாரத்தில் இந்தோனேசியாவில் ஒரு எரிமலை வெடித்தது. சாம்பலும் புகையும் பதினாறு கிலோமீட்டர் உயரம் எழுந்ததாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். செங்கல்வராயன் சோறு தின்றுகொண்டே பார்த்தான். விமானங்களை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வாசிப்பவர் சொன்னார். ஜமுனாவும் பார்த்தாள். தனக்கும் அதற்கும் ஏதும் சம்பந்தம் இருப்பதாக அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மாடியேறினாள். கீழ்மேகம் வழக்கம்போலக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலடுக்குதான் வேறு மாதிரி இருந்தது. அந்தப் பருவத்தில் உயரத்து மேகம் ஆடை படர்ந்த பாலைப் போல வானத்தை மூடி நிற்கும், சூரியன் அதற்குப் பின்னால் மங்கலாகத் தெரியும். அன்றைக்கு அந்த ஆடை கிழிந்திருந்தது. நடுநடுவே நீலம் தெரிந்தது. இருந்த மேகமும் சீப்பால் வாரிவிட்ட மாதிரி நீள நீளமாக, நுனியில் வால் வால்களாகக் கீழ்நோக்கி வளைந்து தொங்கியது. மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பால் சூரியனை மறைத்துக்கொண்டு பார்த்தாள். சுற்றி மெல்லிய வட்டம் ஒன்று, உள்விளிம்பில் லேசான சிவப்போடு. கையை முன்னால் நீட்டிச் சாண் வைத்தாள். கட்டைவிரல் சூரியன் மேல், சுண்டுவிரல் சரியாக வட்டத்தின் மேல். குறியிட்டாள், அனுப்பினாள்.

மறுநாளும் வட்டம். அதற்கு மறுநாளும். ஏழு நாளில் ஐந்து நாள் வட்டம் வந்தது.

எட்டாம் நாள் சென்னையிலிருந்து வரதன் பேசினார். ஆறு ஊர்களிலிருந்து வருகிற தகவலையெல்லாம் கணினியில் சேர்த்துச் சரிபார்ப்பவர் அவர். ஜமுனா அவரை நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் பழக்கம். எப்போதும் மரியாதையாகப் பேசுவார்.

"ஜமுனாம்மா, இந்த வாரம் அஞ்சு நாள் வட்டம்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"மே மாசம் அந்த மாடியில கேமரா வெச்சோம்ல, அது அந்த அஞ்சு நாளும் தெளிந்த வானம்னு சொல்லுது. வட்டம் இல்ல, மேல்மேகமே இல்லன்னு சொல்லுது."

"மேகம் இருந்துது சார். மெல்லிசா இருந்துது. வால் உட்டுக்கினு இருந்துது."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. வெயில் கண்ணு கூசி அப்படித் தெரிஞ்சிருக்கலாம். சந்தேகப் பதிவு தொடர்ந்து வந்தா, அந்த ஊருக்கு ஆள் வேணாம், கேமராவே போதும்னு கமிட்டி முடிவு பண்ணிடும். வெள்ளிக்கிழமை கூடுறாங்க. ஒண்ணு பண்ணுங்க. அந்த அஞ்சையும் திருத்தி அனுப்பிடுங்க. நான் ஏத்திக்கிறேன். பிரச்சினை முடிஞ்சிடும்."

"பாத்தத பாத்தேன்னுதான சார் எழுத முடியும்" என்றாள் ஜமுனா. "திருத்தினா அது நான் பாத்ததா ஆவாது. உங்க கேமரா பாத்ததா ஆயிடும். அப்புறம் நான் எதுக்கு மாடியேறணும்?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. வரதன் தனக்கு நல்லது நினைத்துத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. ஆனால் தான் பார்த்ததில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஐந்து நாளும் சாண் வைத்துப் பார்த்திருக்கிறாள். கண் கூசித் தெரிகிற வட்டம் ஒரு நாள் பெரிதாகவும் ஒரு நாள் சிறிதாகவும் இருக்கும். இது ஐந்து நாளும் ஒரே அளவு.

மறுநாள் விடியற்காலையில் வீட்டில் செங்கல்வராயனிடம் சொன்னாள். அவன் பல்துலக்கிக்கொண்டிருந்தான்.

"ஒரு டிக்கு தான. மாத்திட்டுப் போயேன். யாரு மேல ஏறிப் பாக்கப் போறா?"

"யாரும் ஏறிப் பாக்க முடியாதுன்னு தான்யா என்னை வெச்சிருக்காங்க" என்றாள் ஜமுனா. அவன் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "அதுவும் சரிதான்" என்றான்.

அவர்கள் நம்ப வேண்டுமென்றால் படம் வேண்டும். அன்றைக்கு மாடியில் தன் கைப்பேசியைப் பல விதமாகப் பிடித்துப் பார்த்தாள். தொட்டியின் விளிம்பில் சூரியனை மறைத்து எடுத்தாள். கட்டைவிரலை நீட்டி மறைத்து எடுத்தாள். எல்லாப் படத்திலும் வெள்ளையாக ஒரு திட்டுதான் விழுந்தது. பழைய கைப்பேசி. ஏரித் தண்ணீர் பட்டுப் பட்டு லென்ஸ் முழுக்கக் கீறல். வெளிச்சம் அந்தக் கீறல்களில் சிதறி, மெல்லிய வட்டத்தைத் தின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் விழ மாட்டேன் என்கிறது.

வழி மறுநாள் ஏரியில் கிடைத்தது. காலை பத்து மணி. காற்று இன்னும் எழும்பவில்லை. சேற்றுத் திட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது. ஜமுனாவும் கூட எறா பிடிக்கிற நாகம்மாளும் பக்கத்துப் பக்கத்தில் துழாவிக்கொண்டிருந்தார்கள். நாகம்மாள் பறிக் கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னாடி இது, தண்ணிக்குள்ள சூரியனச் சுத்தி கோட்டை கட்டின மாதிரி கீது" என்றாள்.

ஜமுனா நிமிர்ந்து பார்த்தாள். அடியில் கறுப்புச் சேறு, மேலே கண்ணாடித் தண்ணீர். அதில் சூரியன் விழுந்திருந்தது. அதைச் சுற்றி வட்டம், மேலே பார்ப்பதைவிடத் தெளிவாக. தண்ணீர் வெயிலின் கூச்சத்தையெல்லாம் குடித்துவிட்டு, வடிவத்தை மட்டும் திருப்பிக் காட்டியது.

"நீயும் பாத்தியா?" என்று கேட்டாள் ஜமுனா.

"கண்ணு இல்லையா எனக்கு?"

ஒன்றரை மணிக்கு ஏரி இப்படி இருக்காது. கடற்காற்று எழும்பி அலையடிக்க ஆரம்பித்துவிடும். ஏரியை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தீர்மானித்தாள். கரையேறியதும் எறா கழுவுகிற அகலமான கறுப்பு பிளாஸ்டிக் டப்பைத் தேய்த்துக் கழுவினாள். மாடிக்குத் தூக்கிப்போய், கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் காற்றுப் படாத இடமாக வைத்து, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள். நடுவில் ஒரு செங்கல்லை வைத்து, அதன் மேல் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தாள். சூரியன் விழுகிற இடத்தைக் கொட்டாங்குச்சி மறைக்கிற மாதிரி தள்ளி நின்றாள். தண்ணீர் அடங்கும் வரை காத்திருந்தாள்.

வட்டம் வந்தது. முழுதும் டப்பில் அடங்கவில்லை, முக்கால் வட்டம். உள்விளிம்புச் சிவப்பும் தெரிந்தது. படம் எடுத்துப் பார்த்தாள். இந்த முறை கைப்பேசியிலும் அது இருந்தது.

செயலி தனக்கு வெளியே எடுத்த படத்தை ஏற்காது. அதற்குள்ளேயே எடுத்தால்தான் போகும். நாலு திசையும் எடுத்தாள், மேலே எடுத்தாள். கடைசியில் 'கீழே' என்று கேட்டது. தரையைக் காட்ட வேண்டிய அந்தப் படத்துக்கு டப்பைக் காட்டினாள். குறிப்பு எழுதுகிற இடத்தில், "வட்டம் உண்டு. கீழ்ப்படத்தில் பார்க்கவும்" என்று எழுதி அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் வரதனின் அழைப்பு வந்தது.

"ஜமுனாம்மா, கீழே எடுக்கச் சொன்னா வானத்தை எடுத்திருக்கீங்க."

"மேல எடுத்தா உங்களுக்குத் தெரியல சார். அதான் கீழ எடுத்தேன்."

மறுமுனையில் அவர் விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் நாளைக்கு வர்றேன்" என்றார்.

வியாழக்கிழமை கும்மிடிப்பூண்டி வரை ரயிலிலும் அங்கிருந்து செங்கல்வராயனின் வேனிலும் வரதன் வந்து சேர்ந்தார். முப்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். மாடியேறியதும் முதலில் கேமராவிடம் போனார். அதன் குவிந்த கண்ணாடி மூடியை விரலால் தடவினார். விரலில் வெள்ளையாக உப்பு ஒட்டியது. துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, தன் மடிக்கணினியில் படத்தைப் பார்த்தார். துடைத்த பிறகும் சூரியனைச் சுற்றி அரை முழத்துக்கு வெறும் வெள்ளைதான். கேமரா அவ்வளவு வெளிச்சத்தைத் தாங்கும்படி செய்யப்படவில்லை. மெல்லிய மேகம் அந்த வெள்ளையில் காணாமல் போயிருந்தது.

"இங்க வாங்க சார்" என்று கூப்பிட்டாள் ஜமுனா. டப்பின் ஓரத்தில் அவரை நிறுத்தினாள். "கொஞ்சம் இடது பக்கமா நவுருங்க. கொட்டாங்குச்சியால சூரியன் மறையணும். ஆங், அங்கயே நில்லுங்க. இப்ப பாருங்க."

வரதன் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தொட்டியின் நிழலில் நின்று வானத்தையே பார்த்தார். ஜமுனா சாண் வைக்கச் சொன்னாள். வைத்தார்.

"நாலு வருஷமா மேகத்தைக் கம்ப்யூட்டர்ல பாக்கறேன்" என்றார் மெதுவாக. "இதை நான் நேர்ல பாத்ததில்ல. நான் உங்களைத் திருத்தச் சொன்னது தப்பு."

"நீங்க கேமரா சொன்னத சொன்னீங்க. கேமராக்கு உப்புக்காத்து பழக்கமில்ல" என்றாள் ஜமுனா. பிறகு அவருக்கு வீட்டில் சாப்பாடு போட்டாள். அன்றைக்குப் பிடித்த எறாவில் தொக்கு.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கான அறிக்கையை வரதனே எழுதினார். கேமரா எங்கே தவறியது, ஆள் எப்படிச் சரியாகப் பார்த்தார் என்று படத்தோடு எழுதினார். ஆறு ஊரிலும் ஆளும் இருக்கட்டும், கேமராவும் இருக்கட்டும் என்று முடிவானது. அத்தனை கேமராவையும் தினமும் துடைக்கிற வேலை கூடுதலாகச் சேர்ந்தது. ஜமுனாவும் துடைத்தாள்.

மூன்று வாரம் கழித்து ரோஸ்மேரி வந்தார். கையில் ஒரு தாள். இன்னொரு செயற்கைக்கோள் மேலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, மேகத்துக்குள் என்ன இருக்கிறது என்று அளக்கும். அது தினமும் இந்தப் பக்கம் வராது. அந்த வாரத்தில் இரண்டு முறை வந்திருந்தது. பதினாலு கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து ஓடும் பெருங்காற்றோடு வந்த எரிமலைச் சாம்பல் கலந்த அடுக்கு ஒன்று இருந்ததையும், அதை ஒட்டிய மேகத்தில் பனித்துகள்கள் வழக்கத்தைவிடக் குறைவாகவும் ஒவ்வொன்றும் பெரிதாகவும் இருந்ததையும் அது பதிந்திருந்தது.

இருவரும் மாடியில் தொட்டி நிழலில் உட்கார்ந்தார்கள்.

"சாம்பல் வந்து சேந்தா துகள் கூடத்தான வேணும்? எப்படி மேடம் கொறையும்?" என்று கேட்டாள் ஜமுனா.

"அவ்வளவு உயரத்துல இருக்கிற நீர்த்துளி அவ்வளவு சுலபமா உறையாது ஜமுனா. குளிர் ரொம்ப ஏறினதும் எல்லாத் துளியும் ஒரே சமயத்துல உறையும். அதனால எண்ணிக்கையில்லாத பொடித் துகள் வரும். ஆனா நடுவுல ஒரு தூசி இருந்தா, அதைப் பிடிச்சிக்கிட்டு முன்னாடியே உறைய ஆரம்பிச்சிடும். முதல்ல உறைஞ்ச அந்தக் கொஞ்சம் துகளும்..."

"சுத்தி கீற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கினு பெருசாயிடும்" என்றாள் ஜமுனா. "மத்ததுக்கு ஒண்ணும் மிஞ்சாது. கல்லுப்பு மேடம் இது."

"கல்லுப்பா?" என்று கேட்டார் ரோஸ்மேரி.

"உப்பளத்துல பாத்தில தண்ணி சுண்டி நிக்கும். அதைக் கலக்காம உட்டா அங்கங்க ஒண்ணு ரெண்டு உப்புப் பரல்தான் மொதல்ல கட்டும். அதுங்களே வளந்து கல்லுப்பு ஆவும். கலக்கி உட்டா எல்லா எடத்துலயும் ஒரே சமயத்துல கட்டி, பொடி உப்பாப் பூடும். உப்பு அதே உப்புதான். எத்தினி எடத்துல கட்டுதுன்றதுதான் விஷயம்."

ரோஸ்மேரி சிரித்தார். தாளின் பின்பக்கத்தில் 'கல்லுப்பு' என்று எழுதிக்கொண்டார். "அதேதான். பெரிய துகள் கனம் தாங்காம கீழே விழும். நீங்க வால்னு சொன்னீங்களே, அது விழுற துகள்தான். விழ விழ மேகம் மெலிசாகும். உயரத்து மேகம் பூமிக்குப் போர்வை மாதிரி. வெயிலை ஓரளவு உள்ளே விட்டுடும், தரையிலிருந்து கிளம்புற சூட்டை வெளியே விடாது. அது மெலிஞ்சா சூடு கொஞ்சம் தப்பிச்சுப் போகும்."

"அப்ப எரிமலை வெடிச்சா நமக்குக் குளிருமா?"

"இந்த மாதிரி ஒரு வாரத்து விஷயத்துல உடம்புக்கு எதுவும் தெரியாது. பெரிய எரிமலையா இருந்தா அதோட கந்தகப் புகை மேலே தங்கி, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் வெயிலைத் தடுக்கும். பூமி அப்ப கொஞ்சம் குளிரும். அது பல காலமாத் தெரிஞ்சது. சாம்பல் மேகத்தை என்ன பண்ணுதுங்கிறதுதான் சரியாத் தெரியல. இந்த ஒரு தடவையை வெச்சு நானும் எதுவும் நிரூபிக்க முடியாது. வேற காரணம்கூட இருந்திருக்கலாம். ஆனா இப்படி அம்பது தடவை சேர்ந்தா, இனிமே பூமி எவ்வளவு சூடாகும்னு போடுற கணக்கு இன்னும் சரியா வரும்."

ஜமுனா தலையாட்டினாள். சூடு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம் ஏரி சுண்டி, கொதித்த தண்ணீரில் எறா செத்து மிதந்ததை அள்ளிக் கொட்டியிருக்கிறாள். அந்தக் கணக்கு சரியாக வர வேண்டும் என்று அவளும் விரும்பினாள்.

செப்டம்பரில் ஆறு ஊர் ஆட்களையும் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய அறை, பெரிய திரை. ஜமுனா நாத்தனார் கல்யாணத்தன்று கட்டிய அதே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். டப்பு, செங்கல், கொட்டாங்குச்சி மூன்றையும் படமாகப் போட்டு வரதன் விளக்கினார். கைதட்டினார்கள். அவள் எழுந்து ஒரு கும்பிடு போட்டு உட்கார்ந்தாள்.

அடுத்து வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் பேசினார். எரிமலை செய்கிற வேலையை நாமே செய்தால் என்ன என்று சிலர் யோசிக்கிறார்கள் என்றார். விமானத்தில் நுண்ணிய தூசியைக் கொண்டுபோய் உயரத்து மேகத்தில் தூவினால், மேகம் மெலிந்து பூமியின் சூடு வெளியேறும் என்று ஒரு எண்ணம். இன்னும் யாரும் செய்து பார்க்கவில்லை, கணக்கில்தான் இருக்கிறது என்று சொல்லி வரிசையாகப் படங்கள் காட்ட ஆரம்பித்தார். நடுவில் நிறுத்தி, யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார்.

ஜமுனா கையைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்த ரோஸ்மேரி, "சொல்லுங்க" என்றார்.

"அளவு தப்பினா இன்னா பண்ணுவீங்க சார்?" என்று கேட்டாள். "பரல் கொஞ்சமா இருந்தாதான் கல்லுப்பு. நெறையத் தூவிட்டீங்கன்னா எல்லாத்துலயும் கட்டிக்கினு பொடி உப்பாயிடும். பொடி கீழ விழாது. மேலயே நிக்கும். போர்வை மெலியறதுக்குப் பதிலா தடிச்சிப் பூடும்ல?"

பேராசிரியருக்கு முதலில் உப்பு விளங்கவில்லை. ரோஸ்மேரி எழுந்து இரண்டு வாக்கியத்தில் உப்பளத்தைச் சொன்னார். பேராசிரியர் ஜமுனாவைப் பார்த்தார். பிறகு திரையில் படங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டே போய் ஒன்றில் நிறுத்தினார்.

"இந்த அம்மா கேட்டதுதான் எங்க பெரிய பயம்" என்றார். "அளவு தப்பினா பூமி இன்னும் சூடாகும். அதைச் சொல்றதுக்கு நான் இன்னும் பதினோரு படம் காட்டறதா இருந்தேன்."

அறையில் சிரிப்பு எழுந்தது. ஜமுனா சிரிக்கவில்லை. அவள் கேட்டது நிஜமான சந்தேகம். "அப்ப கொஞ்ச நாளு எரிமலையே பண்ணட்டும் சார். நாங்க பாத்துச் சொல்றோம்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து பேர் அவளிடம் வந்து பேசினார்கள். ஒருவர் உப்பளத்தைப் பற்றியே அரை மணி நேரம் விசாரித்தார். எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். வரதன் தட்டோடு வந்து, "ஜமுனாம்மா, படிவத்துல ஏதாவது மாத்தணும்னா சொல்லுங்க. இன்னைக்கே சேத்துடறேன்" என்றார்.

அவள் யோசிக்கவே இல்லை. அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். "மேகத்துக்கு வால் கீதா இல்லையான்னு ஒரு கேள்வி போடுங்க. இருந்தா எந்தப் பக்கம் தொங்குதுன்னு இன்னொண்ணு. வட்டத்தைவிட அதுதான் சீக்கிரம் தெரியுது."

இரண்டு கேள்வியும் சேர்ந்தன. வாசகம் அவள் சொன்னபடியே இருந்தது. 'மேகத்துக்கு வால் இருக்கிறதா?' அதற்கு ஏதோ அறிவியல் பெயர் இருக்கிறதாம், ஆனால் ஆறு ஊரிலும் வால் என்றால்தான் புரிகிறது என்று வரதன் அப்படியே விட்டுவிட்டார்.

அக்டோபர் கடைசியில் வடகிழக்கு மழை பிடித்தது. தாழ்ந்த கருமேகம் ஏரியையும் ஊரையும் சேர்த்து மூடியது. ஜமுனா குடை பிடித்துக்கொண்டு மாடியேறினாள். மேலடுக்கு என்ற கேள்விக்குத் 'தெரியவில்லை' என்று குறியிட்டாள். மறுநாளும் தெரியவில்லை. பதினோரு நாள் தொடர்ந்து அதையே அனுப்பினாள். சென்னையிலிருந்து யாரும் கூப்பிட்டு ஏன் என்று கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் கடல் பக்கத்தில் கருமேகம் பிளந்தது. பிளவுக்குள் வெகு உயரத்தில் வெள்ளையாக ஒரு கீற்று. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கைப்பேசியை முந்தானையில் துடைத்தாள் ஜமுனா. கீற்று எந்தப் பக்கம் நகர்கிறது என்று நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.